அவளுடைய சம்மதமும் வேண்டும்

நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக மாடியில், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரின் அறை. அபி என் பக்கத்து நாற்காலியில் கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. பாதி நாள் விடுப்பு எடுத்து, பள்ளிச் சீருடையிலேயே கூட்டி வந்திருந்தோம். மறுபக்கம் என் கணவர் ஸ்டான்லி. அவர் மடியில் எங்கள் மூன்று வயது மகன் ஜோயல், மேசைமேல் இருந்த முத்திரைப் பெட்டியை எட்டிப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தான்.

அலுவலர் கண்ணாடி போட்ட, நிதானமான அம்மாள். ஒவ்வொரு காகிதத்தையும் இருபுறமும் திருப்பிப் பார்த்தார். என் அக்காவின் இறப்புச் சான்று. அபியைப் பெற்ற தகப்பனின் ஒப்புதல் கடிதம். எங்கள் திருமணச் சான்று. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் எழுதிய அறிக்கை. எல்லாவற்றையும் அடுக்கி ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்தினார்.

"எல்லாம் சரியா இருக்கு. இனி ஒண்ணே ஒண்ணுதான். அஞ்சு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைன்னா அவளோட சம்மதமும் வேணும்" என்றார். பிறகு அபியின் பக்கம் திரும்பி, சித்தியும் சித்தப்பாவும் இனிமேல் உனக்கு அம்மா அப்பா ஆகப்போகிறார்கள், பிறப்புச் சான்றிதழிலும் அப்படியே மாற்றி எழுதிவிடுவோம், உனக்குச் சம்மதமா என்று இதமாகத்தான் கேட்டார்.

அபி அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"எனக்கு வேண்டாம்" என்றாள்.

நான்கு மாத அலைச்சல் அந்த இரண்டு சொல்லில் நின்றுபோனது.

பட்டியலில் ஒரு வரி

அயர்லாந்து மருத்துவமனை ஒன்றிலிருந்து எனக்கு நர்ஸ் வேலைக்கான உத்தரவு வந்த கதையை இந்தத் தொடரில் சென்ற வாரம் சொன்னேன். உத்தரவோடு ஒரு பட்டியலும் வந்திருந்தது. பட்டியல் என்றால் எனக்குப் பயமில்லை. பத்து வருடம் வார்டில் வேலை பார்த்தவள். எந்தக் கட்டிலுக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று எழுதி எழுதியே நாளை ஓட்டியவள். அதை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். முடிந்ததைச் சிவப்புப் பேனாவால் அடிப்பது என் வேலை.

போலீஸ் சான்று, அடித்தேன். தடுப்பூசி அட்டை, அடித்தேன். ஸ்டான்லியின் அனுபவச் சான்று, அடித்தேன். அவர் ஆரல்வாய்மொழியில் காற்றாலை மெக்கானிக். எங்கள் ஊரில் அதைக் காத்தாடி என்றுதான் சொல்வோம். தினமும் அத்தனை உயரம் ஏறி இறங்குகிற மனிதர், ஒரு சான்றிதழுக்காக அலுவலக மாடிப்படி ஏறி இறங்கித்தான் களைத்துப்போனார்.

ஒரு வரி மட்டும் அடிபடாமல் நின்றது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரும் விசா கேட்பவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற வரி.

ஜோயலுக்குச் சிக்கலில்லை. அபியின் சான்றிதழில் தாய் என்ற இடத்தில் என் அக்கா லிஸியின் பெயர் இருந்தது. தகப்பன் இடத்தில் ஜெரால்டு அத்தானின் பெயர். ஆறரை வருடமாக அவளுக்குச் சோறு ஊட்டி, தலை பின்னி, காய்ச்சலுக்கு நெற்றி துடைத்தவள் நான். என் பெயர் அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். முதலில் நீ மட்டும் போ, மற்றவர்கள் பிறகு வரட்டும் என்றார்கள். கன்னியாஸ்திரீகள் நடத்தும் நல்ல ஹாஸ்டல் இருக்கிறது, பிள்ளையை அங்கே விடு என்றார்கள். சொந்தக்காரப் பெண் ஒருத்தி என் சமையலறையில் நின்று, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "உனக்குன்னு ஒண்ணு இருக்குல்லா, பின்ன என்ன?" என்று கேட்டாள். அதன்பிறகு அவள் வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை.

பட்டியலின் தலைப்பில் 'நாலு பேர்' என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டேன். நாலு பேரும் போவோம். இல்லையென்றால் ஒருத்தரும் போகமாட்டோம். ஸ்டான்லி படித்துப் பார்த்துவிட்டு ஒரு தலையாட்டலோடு சாப்பிட உட்கார்ந்தார். அது அவர் கையெழுத்துப் போட்ட மாதிரி.

தத்தெடுத்தால் மட்டுமே வழி உண்டு என்று வக்கீல் சொன்னார். தாய்வழிச் சித்தி என்பதால் நேராகவே விண்ணப்பிக்கலாம். ஆட்சியர் உத்தரவு தருவார். ஆனால் நானும் ஸ்டான்லியும் சேர்ந்தே ஆஜராக வேண்டும். ஆகவே நான் மட்டும் முதலில் போகிற பேச்சு அத்தோடு முடிந்தது. மருத்துவமனைக்கு எழுதி, சேரும் தேதியை ஒரு முறை தள்ளி வாங்கினேன். இன்னொரு முறை தரமாட்டோம் என்று மரியாதையாகப் பதில் எழுதினார்கள்.

இடுப்பில் ஒரு பிள்ளை

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

எங்களுக்கு அம்மாவும் அப்பாவும் சீக்கிரமே போய்விட்டார்கள். நானும் லிஸி அக்காவும் மட்டும்தான். சொந்தக்காரர்கள் சேர்ந்து அக்காவைத் தேங்காய்ப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அபி பிறந்து ஒன்றரை வருடத்தில், ஒரு மழைக்காலத்தில், அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள்தான். நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். அன்று டூட்டியில் இருந்தவள் நான். கடைசியாக அவள் நாடியைப் பிடித்துப் பார்த்த கை என்னுடையது. அதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

அத்தான் அப்போது நடுக்கடலில் இருந்தார். செய்தி போய்ச் சேர்ந்து அவர் கரைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு.

அவளுக்குப் பேச்சு வரும்போது, என்னைச் 'சித்தி' என்று விளிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அம்மா என்ற சொல் அக்காவுடையது. அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அலமாரிமேல் அக்காவின் படம் இருந்தது. அது யார் என்று கேட்டால், "எங்க அம்மா" என்று விரல் நீட்டிச் சொல்வாள். எங்கள் வீட்டில் இதில் ஒளிவுமறைவு இருந்ததே இல்லை.

ஸ்டான்லி என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அபியை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். இவள் என்னோடுதான் வருவாள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொண்டையைச் செருமினார்கள். ஸ்டான்லி மட்டும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எங்க ஊர்ல காத்து கொஞ்சம் கூடுதல். பிள்ளைக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டார். அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். ஒத்துக்கொள்ளும் என்றேன்.

ஒத்துக்கொண்டது. ஆடிமாதக் காற்றில் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பிள்ளையாக வளர்ந்தாள். சனிக்கிழமைதோறும் ஸ்டான்லி தோவாளையில் வண்டியை நிறுத்திப் பிச்சிப்பூ வாங்கி வருவார். அக்காவின் படத்துக்கு ஒரு முழம், எனக்கு ஒரு முழம், அபிக்கு ஒரு துண்டு.

கடலில் இருந்தவர்

பெற்ற தகப்பன் ஒப்புதல் தராமல் விண்ணப்பமே போடமுடியாது. இரண்டு முறை தேங்காய்ப்பட்டணம் போனோம். இரண்டு முறையும் படகு வந்திருக்கவில்லை. அத்தான் மறுமணம் செய்துகொண்டவர். மெர்சி என்று நல்ல பெண். இரண்டு பையன்கள். மெர்சி எங்களுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்துக் கொடுத்து, படகு துறைமுகத்துக்குள் நுழைந்த உடனே விளிக்கிறேன் என்று என் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் சொன்னபடியே கூப்பிட்டாள்.

அத்தானை நான் கெட்டவர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அபிக்கு உடுப்பு கொண்டு வருவார். அது எப்போதும் ஒரு அளவு சிறியதாக இருக்கும். போன தடவை பார்த்த பிள்ளையை மனதில் வைத்து எடுத்திருப்பார். அபியும் வாய் திறக்காமல் அதை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் போகும்வரை கழற்றமாட்டாள்.

காகிதத்தை நீட்டினேன். வெயிலில் கறுத்து வெடித்த விரல்களால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இதுல நான் ஒப்பு வச்சா, அவ என்னை என்னன்னு விளிப்பா?"

"அப்பான்னுதான் அத்தான். கடலாசுல எழுதினதுக்காக விளி மாறுமா?"

"கடலாசு பெரிசு சுஜா. கடலாசு இல்லாமதான் எங்க படகை அன்னிக்குப் புடிச்சுக் கட்டி வச்சாங்க."

அவர் சொன்னது சரி. காகிதம் பெரிதுதான். ஆகவே உண்மையைச் சொன்னேன். சட்டப்படி நீங்கள் அவளுக்கு அப்பா இல்லை என்றுதான் ஆகும். ஆனால் இது இல்லாமல் அவளை என்னால் கூட்டிப் போக முடியாது. அவளை விட்டுவிட்டு நான் போகவும் மாட்டேன்.

மெர்சி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பிள்ளையை வளத்தவ கேக்கா. கொடுங்க" என்று மட்டும் சொன்னாள். அத்தான் உடனே கையெழுத்துப் போடவில்லை. கோயில்வரை நடந்து போய்விட்டு ஒரு மணிநேரம் கழித்து வந்தார். ஸ்டான்லியிடம் பேனா கேட்டார். தன் பெயரை எழுத்து எழுத்தாக, அழுத்தமாக எழுதினார். அடுத்த வாரம் நாகர்கோவிலுக்கும் வந்து அலுவலர் முன்னால் அதையே மறுபடி சொன்னார். இறங்கிப் போகும்போது அபிக்கு என்று ஒரு பை தந்தார். உள்ளே செருப்பு. இந்த முறை மெர்சியிடம் கேட்டு, அவள் என்னிடம் கேட்டு, சரியான அளவில் வாங்கியிருந்தார்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அந்த மாடி அறையில் அபி வேண்டாம் என்றாள்.

பத்து நாள்

அலுவலர் கோபப்படவில்லை. பத்து நாள் கழித்து வரச் சொன்னார். பிள்ளையை மிரட்டக்கூடாது, ஆசை காட்டவும் கூடாது, மறுபடியும் வேண்டாம் என்றால் நான் அப்படித்தான் எழுதுவேன் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

பேருந்தில் அபி ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஏன் என்று கேட்டேன். அவள் பையைத் திறந்து வீட்டுப்பாடத்தை எடுத்தாள். விமானம், பனி, புதுப் பள்ளிக்கூடம் என்று ஆரம்பித்தேன். ஸ்டான்லி கையைக் காட்டி நிறுத்தினார். "அவளுக்கு என்னமோ கணக்கு இருக்கு. அவளே சொல்லட்டு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். உனக்காக நான் என்னவெல்லாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். வார்டில் ஒரு பழக்கம் உண்டு. நோயாளி மருந்து வேண்டாம் என்றால் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டு, மறுபடி வருவோம். நானும் மற்ற வேலைகளைப் பார்த்தேன். சிலிண்டரை ஒப்படைக்க எழுதிக் கொடுத்தேன். புளியும் கருப்பட்டியும் எவ்வளவு கொண்டுபோகலாம் என்று விசாரித்தேன். கருவாடு கூடவே கூடாது என்றார்கள். பெட்டியிலிருந்து எடுத்து வைத்தேன்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ அபியின் பள்ளிக்குப் போனேன். சேர்க்கைப் பதிவின் நகல் வேண்டியிருந்தது. எழுத்தர் நகலை நீட்ட, பக்கத்தில் நின்ற அபி அதை வாங்கி வாசித்தாள். 'தாயார் பெயர்' என்ற வரியில் விரலை வைத்தாள்.

"சித்தி, இதுலயும் வெட்டிருவாங்களா?"

"எதை மக்கா?"

"அம்மா பேரை."

பள்ளி வராந்தாவில், சத்துணவுச் சாம்பார் மணக்கிற இடத்தில், எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்கு மாதமாக வக்கீலுக்கு விளக்கினேன். அத்தானுக்கு விளக்கினேன். தேதியைத் தள்ளச் சொல்லி அயர்லாந்துக்கு விளக்கினேன். அபியிடம் மட்டும் 'விசாவுக்கு ஒரு கடலாசு வாங்கணும்' என்று சொல்லி முடித்திருந்தேன். அவள் அறிந்ததெல்லாம் அலுவலர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். மாற்றி எழுதிவிடுவோம் என்பது.

இல்லை என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். குனிந்து அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன்.

"பள்ளிக்கூடத்துல உள்ள இதுல வெட்ட மாட்டாங்க. ஆனா பிறப்புச் சான்றிதழ்ல, அம்மா பேர் இருக்க இடத்துல என் பேரு வரும். உள்ளதுதான் மக்கா."

"அப்ப அம்மா பேரு எங்க போவும்?"

"தெரியல. கேட்டுச் சொல்லுகேன்."

காலியாகக் கிடந்த கட்டம்

மறுநாளே அலுவலரைப் போய்ப் பார்த்தேன். கேள்வியை அபி கேட்ட மாதிரியே கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆட்சியரின் உத்தரவில், பெற்ற தாய் இன்னார் என்று லிஸியின் பெயர் இருக்கும் என்றார். அந்த உத்தரவு அபியின் கையில் எப்போதும் இருக்கும். ஆனால் புதிய சான்றிதழில் தாய்க்கு ஒரே இடம்தான்.

அதை அப்படியே வீட்டில் சொன்னேன். அபி கவனமாகக் கேட்டாள். உத்தரவில் இருப்பது நல்லதுதான், ஆனால் அதை யாரும் வாசிக்கமாட்டார்களே என்றாள்.

ஸ்டான்லி அப்போது மேசையில் பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் அச்சை விரித்து வைத்துக்கொண்டு மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். வெளிநாட்டுப் படிவம் நிரப்பிய எந்தத் தமிழருக்கும் இந்தத் தலைவலி தெரியும். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என் அப்பா பெயர். அவருடையதில் அவர் அப்பா. ஜோயலுடையதில் ஸ்டான்லி. ஒரே வீட்டு ஆட்கள், மூன்று குடும்பப் பெயர். அபிக்கு இன்னும் எழுதாமல் அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது.

"ஏ அபி, இங்க வா" என்றார். "இந்த இடம் சும்மாதான் கிடக்கு. இதுல லிஸின்னு எழுதினா என்ன?"

அபி படிவத்தை எட்டிப் பார்த்தாள். "இதுல சித்தப்பா பேருல்லா வரணும்?"

"எனக்குத்தான் தகப்பன் பேருன்னு தனியா ஒரு கட்டம் இருக்கே மக்கா. ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு இடம்?"

"யாராவது வாசிப்பாங்களா?"

"உன்னை விளிக்கிறவன் எல்லாம் வாசிப்பான். பள்ளிக்கூடத்துல, ஆசுபத்திரியில, பிளேன்ல. ஆயுசு முழுக்க."

அவள் பென்சிலை எடுத்துப் பழைய நோட்டின் பின்னட்டையில் எழுதிப் பார்த்தாள். அபிஷா லிஸி. இன்னொரு முறை, ஆங்கிலத்தில். பிறகு விளையாடப் போய்விட்டாள். நான் ஸ்டான்லியைப் பார்த்தேன். அவர் பேனாவால் அடுத்த கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

பெயரை அப்படி வைக்கத் தத்து விண்ணப்பத்திலேயே கேட்கலாம் என்று அலுவலர் சொன்னார். திருத்தி எழுதி, மறுபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். பத்தாவது நாள் அபி அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கேள்வி வரும்முன்பே சம்மதம் என்றாள். பின்னர் ஆட்சியர் முன்னால் அழைத்தபோது, அவர் அவளுடைய பெயரைக் கேட்டார். முழுப்பெயரையும் சொன்னாள். லிஸி யார் என்று அவர் கேட்டார். "எங்க அம்மா. இவங்க எங்க சித்தி. நான் இவங்ககூடப் போறேன்" என்றாள். ஆட்சியர் வேறொன்றும் கேட்கவில்லை.

உத்தரவு கைக்கு வந்தது. பிறகு சான்றிதழ், பாஸ்போர்ட், விசா. சேரவேண்டிய தேதிக்கு ஒன்பது நாள் மிச்சமிருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் கடைசி வரியைச் சிவப்பால் அடித்தபோது பேனா மை தீர்ந்து, பாதியில் கோடு நின்றுபோனது. நகத்தால் கீறி முடித்தேன்.

யார் இவர்?

புறப்பட்ட அன்று அத்தான் மறுபடியும் கடலில் இருந்தார். மெர்சி இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் விமானநிலையம்வரை வந்தாள். பையன்கள் அபியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போனில் அவர்கள் அப்பா பேசிப் பதிந்து அனுப்பியிருந்ததை மெர்சி போட்டுக் காட்டினாள். இரைச்சலுக்கு நடுவே, குளிர் அடிக்கும், காதை மூடிக்கொள் என்று அவர் சொல்வது மட்டும் கேட்டது. அபி தலையாட்டினாள்.

டப்ளினில் குடியேற்றச் சோதனை வரிசை நீளமாக இருந்தது. ஜோயல் ஸ்டான்லியின் தோளில் தூங்கிவிட்டான். எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் செந்நிற முடியுள்ள ஒரு அதிகாரி. நான்கு பாஸ்போர்ட்டையும் வரிசையாக விரித்தார். நான்கு குடும்பப் பெயர். கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். உத்தரவு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, அத்தானின் ஒப்புதல், எல்லாம் கோப்பில் எண் போட்டு வைத்திருந்தேன். கோப்பைத் திறந்தேன்.

அவர் கோப்பைக் கேட்கவில்லை. குனிந்து அபியைப் பார்த்தார். என்னைக் காட்டி, இவர் யார் என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்கக் கூடாது என்றே விட்டிருந்தேன்.

அபி ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மை மதர்" என்றாள்.

அவர் முத்திரையைக் குத்தினார். நான்கு முறை.

பத்தடி நடந்ததும் என் கையை இழுத்தாள். "சித்தி, அவருட்ட சித்தின்னு சொன்னா மனசிலாகாதுல்லா? அதான்."

"மனசிலாகாது மக்கா" என்றேன். அவள் பெட்டிகள் சுற்றி வரும் இடத்தைப் பார்த்துவிட்டு முன்னால் ஓடினாள்.

நான்கு பெட்டி போட்டிருந்தோம். மூன்றுதான் வந்தன. சுற்றுப்பட்டை நின்றுவிட்டது, விளக்கும் அணைந்தது. வேறொரு நாளாயிருந்தால் அழுதிருப்பேன். அன்று ஸ்டான்லியிடம், "நாலு ஆளு, எண்ணம் சரியா இருக்கு, பெட்டிதான குறையுது" என்றேன். ஜோயலைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, எங்கே புகார் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விசாரித்து, நான்கு பேரும் அந்தப் பக்கமாக நடந்தோம்.